குட்டியானையில் எட்டு நாள் குடித்தனம்

'குட்டியானை' என்றால் தெரியாத சகோதரி இன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரும் இருக்க முடியாது. வாடகை வீடு மாறும்போது பீரோவையும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு போகுமே, அந்தச் சின்ன லாரிதான். டாடா கம்பெனிக்காரர்கள் 2005-ல் 'ஏஸ்' என்று பெயர் வைத்து விற்பனைக்கு விட்டார்கள். நம் ஜனங்கள் அதை யானையாக்கி விட்டார்கள்! இரண்டே சிலிண்டர் உள்ள டீசல் என்ஜின், பதினாறு குதிரை சக்தி, முக்கால் டன் பாரம். எங்கள் ஆரணியில் அரிசி மூட்டையிலிருந்து பட்டு நூல் வரை அதில்தான் போய் வருகிறது.

அப்படிப்பட்ட ஒரு பழைய வண்டியை, 2012-ஆம் வருஷத்து மாடலை, படுக்கவும் சமைக்கவும் தோதாக மாற்றி, 2024 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் எட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தோம். போக வர ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். வண்டியைத் தயார் செய்த செலவு ரூ. 35,500. லாட்ஜ் வாடகை ஒரு பைசா இல்லை. திரும்பி வந்ததிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படிம்மா செஞ்சே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாமே என்றுதான் உட்கார்ந்தேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இவர் முப்பது வருஷம் குழித்தறியில் பட்டு நெய்தவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து மிதித்து இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது. "இனிமே குழியில இறங்கக் கூடாது. ஆனா ஒரே இடத்துல உட்காரவும் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2023 ஆடியில் தறி நின்றது. காலை ஐந்து மணிக்கே 'டக் டக்' என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான். இவர் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்தது. மருந்து மாத்திரையால் இடுப்பு வலி அடங்கியது. மனசுக்கு எந்தக் கடையில் மாத்திரை வாங்குவது?

குட்டியானையும் அதே சமயத்தில் சும்மா நின்றது. கொழுந்தனார் மகன்தான் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். "ரெண்டையும் தள்ளிவிட்டுடலாம்" என்றார் இவர். வண்டிக்கு ஒரு புரோக்கர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார். தறி மரத்துக்கு வந்தவர் விறகு விலை சொன்னார். விறகு விலை! மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு பெண்ணுக்குக் கல்யாணமும் செய்து வைத்த தறி. "காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

என் யோசனையைச் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சாமான் ஏத்தற வண்டியில புருஷன் பெண்டாட்டி படுத்துக்கினு போறதா? ஊர் சிரிக்கும்" என்றார். "உங்க பாட்டி படவேட்டுக்கு எதுல போனாங்களாம்?" என்று கேட்டேன். ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, அரிசி பருப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு போய், வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்து வந்தவர்கள்தானே. மாட்டுக்குப் பதில் என்ஜின், அவ்வளவுதான் வித்தியாசம். வெளிநாட்டுக்காரர்கள் 1957-ல் லண்டனிலிருந்து கல்கத்தா வரை தரை வழியாகவே ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பழைய வேன், பழைய லாரி என்று எது கிடைத்ததோ அதில் படுக்கையைப் போட்டுக்கொண்டு துருக்கி, ஈரான் வழியாக இந்தியாவுக்கு வந்தபடி இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பணக்காரர்களா என்ன?

போக வேண்டிய இடத்துக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆரணிப் பட்டு என்று பெயரே தவிர, நூலெல்லாம் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது. முப்பது வருஷம் அந்த நூலைத் தொட்டவர் ஒரு பட்டுக்கூட்டை அது விளைகிற இடத்தில் பார்த்ததில்லை. நானும் தார் சுற்றிச் சுற்றியே கிழவியாகிக்கொண்டிருப்பவள். நூல் வருகிற வழியே எதிர்த்திசையில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆணிகூட அடிக்காதீர்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற அமைப்பு மாறும்படி அனுமதி இல்லாமல் வெட்டுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், அங்கே போய் ஜன்னல் வைத்த தகர வீட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? ஆகவே நாங்கள் வண்டியின் உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை. மொத்தக் குடித்தனத்தையும் சாமான் மாதிரி ஏற்றிக் கட்டினோம். ஊருக்கு வந்ததும் அவிழ்த்து இறக்கி வைத்துவிட்டால் அது மறுபடியும் சரக்கு வண்டி. அடுத்த நாளே லோடு அடிக்கலாம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதுதான் சரி. சம்பாதிக்கிற வண்டியை விளையாட்டு வண்டியாக்கிவிட முடியாதல்லவா?

இரண்டாவது, பின்னால் ஆள் ஏற்றுவது. குட்டியானையில் டிரைவரோடு சேர்த்து இருவருக்குத்தான் இடம். வண்டி ஓடும்போது பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. படுக்கை என்பது வண்டி நின்ற பிறகுதான். என் பெண் ஓசூரில் இருக்கிறாள். "குழந்தையையும் கூட்டிக்கினு நானும் வரேம்மா, பின்னாடி மெத்தையில படுத்துக்கறோம்" என்று ஆசையாகக் கேட்டாள். பேரனுக்கு ஒன்றரை வயது. முடியவே முடியாது என்றுவிட்டேன். இரண்டு நாள் போன் பேசவில்லை அவள், பரவாயில்லை. திருவிழாவுக்கும் வளைகாப்புக்கும் இதே வண்டியில் கைக்குழந்தையோடு இருபது முப்பது பேர் நின்றுகொண்டு போகிறார்களே, பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பணம் கிடக்கட்டும். வளைவில் வண்டி சாய்ந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பிதான் உண்டு, பெல்ட் கிடையாது. இளம் தாய்மார்கள் யாராவது கூப்பிட்டால் "பஸ்ஸில் வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பர்மிட் பற்றியும் கேட்கிறார்கள். மொத்த எடை மூவாயிரம் கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வெளி மாநிலம் போகுமுன் வரி விஷயத்தை மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம்.

லைசென்ஸ் கதை தனி. இவரால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட முடியாது; டாக்டர் அனுமதித்ததும் அவ்வளவுதான். அப்படியானால் இன்னொருவர் ஓட்ட வேண்டுமே? நாற்பத்தேழு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்! என்னோடு கற்றுக்கொண்டதெல்லாம் காலேஜ் பெண்கள். "ஆன்ட்டி, கிளட்ச்சு, கிளட்ச்சு" என்று கத்துவார்கள். தறியில் கை ஒரு வேலை, கால் ஒரு வேலை என்று பழகியவளுக்குக் கிளட்ச் ஒரு பெரிய வித்தையா? இருபது நாளில் வந்துவிட்டது. கார் ஓட்டுகிற லைசென்ஸே போதும். ஏழாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்தும் அதையே உறுதி செய்துவிட்டார்கள். ஆகையால் சகோதரிகளே, கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் வெளியே எடுங்கள்.

பணம் என் சீட்டுப் பணம். நாற்பதாயிரம் எடுத்தேன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டிக்கு அடியில்தான் கொட்டினேன். பின் சக்கரம் இரண்டுக்கும் புது டயர் ரூ. 7,200. பிரேக் பேடு, பிரேக் ஷூ எல்லாம் மாற்ற ரூ. 3,400. ஆயில், கூலன்ட், ரப்பர் குழாய், ஃபேன் பெல்ட் எல்லாம் சேர்த்து ரூ. 4,600. மெக்கானிக் தம்பி, "இன்னாக்கா, உள்ள கலர் லைட்டு, ஸ்பீக்கரு எதுவும் வேணாவா?" என்று கேட்டான். "முதல்ல நிக்க வேண்டிய இடத்துல வண்டி நிக்கட்டும்பா" என்றேன். பன்னிரண்டு வருஷத்து வண்டியில் ரப்பர் சாமான்கள்தான் முதலில் கழுத்தறுக்கும். வெளியே நன்றாயிருக்கும், அழுத்திப் பார்த்தால் பொறைபிஸ்கட் மாதிரி வெடித்திருக்கும். அதையெல்லாம் ஒன்று விடாமல் மாற்றச் சொன்னேன்.

இந்த வண்டிக்கு என்ஜின் ஸீட்டுக்கு அடியில் இருக்கிறது. அரை மணி ஓடியதும் உட்காரும் இடம் தோசைக்கல்லாகிவிடும். இடுப்பு வலிக்காரருக்கு இதமாயிருக்குமே என்று நினைக்காதீர்கள், வேர்த்துக் கொட்டும். தென்னை நார் மெத்தை ஒன்று அளவெடுத்துத் தைத்து, மேலே பழைய வேட்டித் துணியில் உறை போட்டேன். ரூ. 1,800. இது இரண்டு பேர் முதுகையும் காப்பாற்றியது.

இன்னொரு சங்கதி. காலி வண்டியாக ஓட்டினால் குட்டியானை குதித்துக் குதித்துப் போகும். குடல் வாய்க்கு வரும். ஏனென்றால் அதன் ஸ்பிரிங் பட்டையெல்லாம் முக்கால் டன் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. எங்கள் குடித்தனச் சாமான் தண்ணீரோடு சேர்த்து இருநூற்றைம்பது கிலோ வந்தது. அதை ஏற்றியதும் குதிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. பாரத்தை மட்டும் ஒழுங்காக வைக்க வேண்டும். கனமானதெல்லாம் அடியில், டிரைவர் கூண்டை ஒட்டி. இடதும் வலதும் சமமாக. தலைக்கு மேல் கனமாக எதையும் கட்டக் கூடாது.

படுக்கைக்குத் தறி மரம். பிரித்துப் போட்ட தறியின் கால்களும் சட்டங்களும் நன்றாக வைரம் பாய்ந்தவை. அவற்றால் இரண்டு நீளப் பெட்டிகள் செய்தோம், ஒன்றரை அடி உயரம். வண்டியின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. நடுவில் நடக்க வழி. ராத்திரியில் நடு வழிக்கு மேல் பலகைகளை அடுக்கிவிட்டால் மொத்தமும் ஒரே கட்டில். ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம்; இருவர் தாராளமாகப் புரளலாம். நடுப் பலகைகள் தொய்யாமலிருக்க நீளவாக்கில் ஓர் உத்தரம் வேண்டுமே? தச்சர் படமரத்தை எடுத்து, "இத்தை ரெண்டா அறுத்துடட்டுமா?" என்றார். நெய்த புடவை சுருண்டு சேருகிற மரம் அது. முப்பது வருஷமாக இவர் மடிக்கு முன்னால் இருந்தது. வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். இத்தனை நேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "அறுக்காதே. அளவுக்கு நான் வழி சொல்றேன்" என்று சுண்ணாம்புக் கட்டியை வாங்கித் தரையில் கோடு போட ஆரம்பித்தார். அன்று மதியம் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தச்சுக் கூலி ரூ. 4,500, மேல் பலகைக்கு பிளைவுட் ரூ. 3,800. பெட்டிகள் நகராமலிருக்க அடியில் பழைய ரப்பர் விரிப்பு. வண்டியின் பக்கங்களில் கயிறு கட்டுகிற கொக்கிகள் ஏற்கெனவே இருக்கின்றனவே, அவற்றிலேயே இழுத்துப் பூட்டும் பெல்ட்டுகளைப் போட்டோம். கொக்கியும் பெல்ட்டுமாக ரூ. 1,400. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சட்டென்று பிரேக் போட்டால் கட்டாத பெட்டி முன்னால் பாய்ந்து முதுகில் இடிக்கும்.

கூரைக்குத் தனிச் செலவு இல்லை. பட்டு நூல் நனையாமலிருக்கப் போட்ட கம்பி வளைவும் தார்ப்பாயும் இருந்தன. ஆனால் தார்ப்பாயை அப்படியே விட்டுப் படுத்தால் பகலில் அடுப்பு, விடியற்காலையில் மழை! நாம் விடுகிற மூச்சின் ஈரமே குளிர்ந்த தார்ப்பாயில் முத்து முத்தாகக் கட்டிச் சொட்டும். அதற்கு என் பழைய நூல் புடவைகள் ஆறைச் சேர்த்துத் தைத்து, தார்ப்பாய்க்கு உள்ளே நான்கு விரல் இடைவெளி விட்டு விதானம் மாதிரி கட்டினேன். ஈரத்தைத் துணி குடித்துக்கொள்ளும், வெயிலும் நேராகத் தாக்காது. முன்னும் பின்னும் காற்று போக வழி விட்டு அங்கே கொசுவலை. துணிக்கும் வலைக்குமாக ரூ. 900. இலவம் பஞ்சு மெத்தை இரண்டு ரூ. 3,000. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சார்ஜ் செய்கிற விளக்கு இரண்டு, சின்ன ஃபேன் ஒன்று, ரூ. 2,300. வண்டி பேட்டரியிலிருந்து ராத்திரியில் எடுக்கவே கூடாது. காலையில் வண்டி கிளம்பாது. ஓடும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சமையலுக்கு ஐந்து கிலோ காஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும், ரூ. 2,100. இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டரைப் பின் கதவு ஓரமாக, கீழே காற்றோட்டம் இருக்கிற மூலையில், நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். சமைப்பது வண்டிக்கு வெளியே, தரையில். மழை வந்தாலும் பனி பெய்தாலும் தார்ப்பாய்க்குள் அடுப்பையோ கரியையோ ஏற்றக் கூடாது. மூடிய இடத்தில் எரிகிற அடுப்பு விடுகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். என் வண்டியில் கொசுவர்த்திச் சுருளுக்குக்கூட இடமில்லை.

சமையலும் சுருக்கம்தான். ஆரணி அரிசி பத்து கிலோ, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, வற்றல் வடாம். மூன்று லிட்டர் குக்கரில் ஒரு விசில் வந்ததும் இறக்கி, கம்பளி சுற்றி, மூடி போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். முக்கால் மணியில் சாதம் தானே மலர்ந்து சுடச்சுட இருக்கும். எட்டு நாளில் சிலிண்டர் பாதிகூடத் தீரவில்லை. தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு, ரூ. 500.

கடைசியாக, யாரும் வாய் விட்டுக் கேட்காத விஷயம். பிரயாணம் என்றாலே நம்மில் பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். 'எங்கே ஒதுங்குவது?' என்ற பயம்தான். குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருப்பதால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்கி எரிச்சலும் காய்ச்சலும் வருகிறது. ஆண்களுக்கு மரத்தடி போதும்; நமக்கு? என் மாமியார் கடைசி ஒரு வருஷம் படுக்கையாயிருந்தபோது வாங்கிய மடக்கு கமோடு நாற்காலி பரணில் கிடந்தது. அதைக் கழுவி, வெயிலில் காய வைத்து ஏற்றிக்கொண்டேன். வண்டி நின்றதும் பின்பக்கத் திரையை இழுத்துவிட்டால் அது என் குளியலறை! அடியில் மூடியுள்ள வாளி, அதில் மரத்தூள். காலையில் பெட்ரோல் பங்க் கழிவறையில் கொட்டிக் கழுவிவிடலாம். இவருக்கும் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாத இடுப்பு என்பதால் பெரிய உதவி. முப்பத்தைந்தாயிரம் செலவில், செலவே இல்லாத இந்தச் சாமானுக்குத்தான் நான் முதல் மார்க் போடுவேன்.

சரி, போன கதை. கண்ணமங்கலம் வழியாக வேலூர். அங்கிருந்து பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று மூன்று சுங்கச் சாவடி தாண்டி ஓசூர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. அறுபதைத் தொட்டால் கதவு, கண்ணாடி, என் வளையல் எல்லாம் ஒரே தாளம் போட ஆரம்பித்துவிடும். மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, இருவரும் நூறடி நடப்போம். கால் வீங்காமலிருக்க இது அவசியம். பெண் வீட்டில் ஒரு ராத்திரி (பேரன் மெத்தை மேல் ஏறிக் குதித்துவிட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை). மறுநாள் பெங்களூர் நகரத்துக்குள் நுழையாமல் நைஸ் ரோடு வழியாகச் சுற்றி ராமநகரம்.

அங்கே இருக்கிற அரசாங்கப் பட்டுக்கூடு மார்க்கெட்டில் காலையில் போய் நின்றோம். அம்மாடி! மண்டபம் மண்டபமாகத் தட்டுகளில் வெள்ளைக் கூடும் மஞ்சள் கூடும் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு வாடை அடிக்கிறது, எனக்குக் குமட்டியது. இவர் ஒரு கூட்டைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே புழு ஆடுகிற சத்தம். ஒரே கூட்டில் ஒரு கிலோமீட்டர் வரைகூட நூல் வருமாம், அறுந்து போகாமல். தன் கையில் தினம் எத்தனை நூல் அறுந்தது என்று கணக்குச் சொல்லி, கூடு விற்க வந்த விவசாயியிடம் இவர் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தமிழ் அரைகுறை, இவருக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்!

மைசூரில் 1912-ல் மகாராஜா காலத்தில் ஆரம்பித்த பட்டு ஆலை. அதற்கப்புறம் நஞ்சன்கூடு, சாமராஜநகர். ராத்திரிகளில் லாரிகள் நிற்கிற, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்காகப் பார்த்து, அவர்களிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துவோம். இருட்டிய பிறகு இடம் தேடக் கூடாது; ஐந்து மணிக்கே தேட ஆரம்பித்துவிட வேண்டும். காட்டுப் பாதைகளில் இரவில் தடை உண்டு. பொழுது விடிந்த பிறகு ஆசனூர் வழியாகக் கிளம்பினோம்.

திம்பம் மலைப்பாதை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, எல்லாம் இறக்கம். அன்று காலை குளிரில் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கிளட்சை மிதித்தாலே முகம் சுருங்கியது. "ஒரு நாள் தங்கிடலாமா?" என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். மலையில் எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏறி வருகிற லாரிக்கு வழி விட்டு இறங்கினேன். பக்கத்தில் இவர் "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். பதினான்காவது வளைவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "நல்லாத்தான் ஓட்டறே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக்கூட 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை! பண்ணாரி அம்மன் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். புது பிரேக்குக்குக் கொடுத்த மூவாயிரத்து நானூறு ரூபாய் அன்றைக்கே செரித்துவிட்டது.

பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர் வீட்டுக்குப் போனோம். அங்கேயும் குழித்தறிதான். இவர் குழிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் கை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்தப் பெரியவர், "எறங்கி ரெண்டு இழை போட்டுப் பாருங்களேன்" என்றார். "இல்லீங்க, டாக்டர் வேணாம்னுட்டாரு" என்று இவரே வாய் விட்டுச் சொன்னார். அதுவரை ஊரில் யாரிடமும் சொல்லாத பேச்சு. "தறி இன்னா ஆச்சு?" என்று அவர் கேட்டதற்கு, "வாசல்ல நிக்குது, வாங்க காட்டறேன்" என்று வண்டிக்கு அழைத்துப் போய் மெத்தையைத் தூக்கிப் படமரத்தைக் காட்டினார். பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரவை கிளறப் போய்விட்டேன்.

பிறகு சேலம், அரூர், செங்கம், திருவண்ணாமலை, போளூர் வழியாக ஆரணி. டீசலுக்கு ரூ. 5,000-க்குள்; சுங்கம், காய்கறி, பால், கோயில் உண்டியல் எல்லாம் சேர்த்தாலும் இன்னொரு நாலாயிரம். வந்த மறுநாள் காலையில் பெட்டிகளை இறக்கினோம், சரியாக நாற்பது நிமிஷம். இப்போது ஒரு பையனை டிரைவராக வைத்து அரிசி மில்லுக்கு லோடு அடிக்கிறது வண்டி. சாயங்காலம் கணக்கு வாங்கி எழுதுவது இவர். கமோடு நாற்காலியை எதிர் வீட்டுக்காரர்கள் திருப்பதி போவதற்கு இரவல் வாங்கிப் போனார்கள், இன்னும் வரவில்லை. படுக்கைப் பெட்டிகள் இரண்டும் தறி இருந்த அறையிலேயே இருக்கின்றன. புரட்டாசி மழைக்கு முன்னால் சிட்லகட்டா மார்க்கெட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று இவர் நாள் குறித்து வைத்திருக்கிறார். அதற்குள் நான் தார்ப்பாயில் இரண்டு கிழிசலைத் தைக்க வேண்டும்.